ஜன்னல்காரி

அம்மாவின் மணிக்கட்டில் இருந்த ஆஸ்பத்திரிப் பட்டையை அவள் கத்தரிக்கோலால் அறுத்துக்கொண்டிருந்தபோது, சித்தி தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "மெதுவாடி, தோல்ல பட்டுடப் போவுது" என்றாள்.

"பட்டா என்ன, கத்தவா போறாங்க."

சித்தி துணியை வாளியில் நனைத்தாள். அக்காவின் மகளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் அந்தக் குடும்பத்தில் இல்லை. பட்டம் வாங்குவதற்கு முன்னாலேயே அப்படித்தான். வாங்கிய பிறகு கேட்கவே வேண்டாம்.

கத்தரிக்கோல் மொண்ணை. காகிதம் வெட்டுகிற கத்தரிக்கோல். மூன்றாவது கடியில் பட்டை அறுந்தது. அது இருந்த இடத்தில் கை வீங்கி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அவள் அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். பள்ளம் போகவில்லை.

முன்னறையில் நாற்காலி இழுபடும் சத்தம். அப்பா கதவை விரல் அகலத்துக்குத் திறந்து, "பாப்பா, ஐயா வந்திருக்காரு. ஒரு நிமிஷம் வா" என்றார்.

"உடம்பு துடைச்சிட்டிருக்கோம்ப்பா."

"ஒரு நிமிஷம்தான்."

ஐயா என்றால் சபை மேய்ப்பர். ஒரு காலத்தில் பழைய டயர் குடோனாக இருந்த தகரக் கூடத்தில் இருபது வருஷமாகச் சபை நடத்துகிறவர். அவர் பிரசங்கத்தில் ஆண்டவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வாளை உருவிக்கொண்டு நிற்பார், மேகத்தின் மேல் ஏறி வருவார், கடலைப் பார்ப்பார், கடல் ஓடும். மலைகள் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளும். வேதத்தின் பழைய எபிரெயப் பாட்டுகளில் எங்கெல்லாம் போர் நடந்ததோ அங்கெல்லாம் மேய்ப்பர் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவார். அம்மா அவருக்கு வீட்டுக்குள் வைத்திருந்த பெயர் படைத்தலைவர். "கடல் ஓடுச்சாம், மலை துள்ளுச்சாம். நம்ம குழாயில தண்ணி மட்டும் வர மாட்டேங்குது" என்பாள் அம்மா. சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் போய் உட்காருவாள். இரண்டும் அவளுக்கு உண்மைதான்.

மேய்ப்பர் தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் நிஜமாகவே சிவந்திருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சல். ஆள் நடிப்பவராக இருந்தால் வெறுப்பது சுலபம்.

"அம்மா ஜெயிச்சு உள்ள போயிட்டாங்க மகளே."

"எங்க உள்ள?"

"பாப்பா," என்றார் அப்பா.

மேய்ப்பர் கையை உயர்த்தி அப்பாவை அடக்கினார். "கோவம் இருக்கும். இருக்கணும். ஆனா ஒண்ணு சொல்லு. மருந்தை நிறுத்துங்கன்னு நான் ஒரு வார்த்தை சொன்னேனா?"

"சொல்லலை."

அவர் சொல்லவில்லைதான். அந்த விஷயத்தில் அவள் நேர்மையானவள். மூன்றாவது தடவை மருந்து ஏற்றிய பிறகு டாக்டர் அம்மாவைத் தொட்டுப் பார்த்து, கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது, இன்னும் மூன்று மாதம் வாராவாரம் ஏற்ற வேண்டும் என்றார். அந்த வாக்கியத்தில் முன்பாதி மட்டும் சபைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிறு அம்மாவை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைத்தார்கள். மேய்ப்பர் கூடத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஜெயித்த படை திரும்பி அதே களத்துக்குப் போகுமா? போகாது என்றது கூடம். அம்மாவும் சொன்னாள். அதற்கு முன்னால், குதிரையையும் குதிரைக்காரனையும் ஆண்டவர் கடலில் தூக்கிப் போட்ட அந்தப் பழைய வெற்றிப் பாட்டை ஒலிபெருக்கியில் கணீரென்று வாசித்தது யார் என்றால், அது இவள்தான்.

பன்னிரண்டு வயதிலிருந்து சபையில் இவள்தான் வாசிப்பாள். வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள், குரலும் நல்ல குரல். இப்போது அந்தக் குரலைத் தொலைபேசிக் கம்பெனி சம்பளம் கொடுத்து வாங்கியிருக்கிறது. ஒரு நாளைக்கு எண்பது பேருடைய குறைகளைக் கேட்டு, உங்கள் பொறுமைக்கு நன்றி என்று சொல்கிற வேலை.

"ரெண்டு விஷயம்தான்," என்றார் மேய்ப்பர். "ஆராதனையில கடல் பாட்டை நீதான் வாசிக்கணும். உங்கம்மாவுக்கு உன் குரல்னா உயிரு. இன்னொண்ணு பலகை. அதை அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

அவர் எழுந்து போனார். போகும்போது அவள் தலையில் கை வைத்தார். கை கனமாகவும் சூடாகவும் இருந்தது.

அப்பா ஜன்னல் விளிம்பிலிருந்த கோடு போட்ட நோட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "நித்தியன்னு எழுதிக் குடு பாப்பா. பெருசா எழுது."

"எழுத மாட்டேன்."

"நாலு எழுத்துதானே."

அப்பா போர்டு எழுதுகிறவர். அந்த ஊர்க் கடைகளில் பாதி அவர் கையால் பெயர் வாங்கியவை. ஆனால் அவருக்கு ஒரு எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. எழுத்து அவருக்குப் படம். யாராவது தாளில் எழுதிக் கொடுத்தால், சாக்பீஸால் கோடு போட்டு, வளைவு வளைவாகப் பார்த்து, அச்சு மாதிரி இறக்கிவிடுவார். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவருக்கு எழுதிக் கொடுப்பது இவள் வேலை. தாளில் தப்பு இருந்தால்தான் போர்டில் தப்பு இருக்கும்.

தகரக் கூடத்தின் நுழைவில் எட்டடி நீளத்துக்கு ஒரு பலகை மாட்டியிருக்கும். நீலத்தில் மஞ்சள் எழுத்து. ஜெயப் பலகை. நோய் தீர்ந்தவர்களின் பெயரும் பக்கத்தில் ஜெயம் என்ற சொல்லும். நாற்பத்தொரு வரி. எல்லா வரியிலும் அந்தச் சொல் இருந்ததால் அதை மட்டும் அப்பா தாள் பார்க்காமல் எழுதுவார். அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான். பலகையில் இருக்கும் யாராவது இறந்துபோனால், பலகை பொய்யாகிவிடக் கூடாதே என்று, ஜெயத்துக்கு முன்னால் நித்திய என்று சின்னதாகச் சேர்ப்பார்கள். அவ்வளவுதான், தோல்வி வெற்றியாகிவிடும். முதல் தடவை, ஒரு மெக்கானிக் செத்தபோது, அந்த வார்த்தையைத் தாளில் எழுதிக் கொடுத்ததும் இவள்தான். அப்போது இவளுக்குப் பதினைந்து வயது. அழகான வார்த்தை என்று நினைத்தாள்.

நாற்பத்தொன்றாவது வரி அம்மாவுடையது. அப்பா அன்றைக்குப் புதுத் தூரிகை எடுத்தார். வேறு யாருக்கும் அவர் எழுத்துக்கு நிழல் போட்டதில்லை. அம்மாவின் பெயருக்குப் போட்டார்.

"நீ எழுதலைன்னா பரவால்ல," என்றார் அப்பா, நோட்டை மூடிக்கொண்டே. "மேல் வரியில இருக்கு. அதைப் பாத்து எழுதிக்கிறேன்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

சித்தி அம்மாவின் கால்களைத் துடைத்து முடித்திருந்தாள். "என்னவாம்?"

"அம்மா ஜெயிச்சுட்டாங்களாம்."

சித்தி துணியைப் பிழிந்தாள். "நல்லா ஜெயிச்சா," என்றாள்.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். கறையைப் பார்த்தே எந்த வார்டு விரிப்பு என்று சொல்லிவிடுவாள். மருந்து ஏற்றிக்கொள்ள வருகிறவர்களின் வரிசை அந்தச் சலவைக்கூடத்து வாசலைத் தாண்டித்தான் போகும். உள்ளே துணி மடிப்பவர்களில் ஆறு பேர் சபைக்காரர்கள். பலகையில் பெயர் ஏறிய பிறகு அந்த வரிசையில் போய் எப்படி உட்காருவது? அம்மா யாரிடமும் இதைக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் மகளிடம் ஊசிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பையோடு கிளம்பினாள். மூன்று மாதம், ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள், அதில் பொய் இல்லை. போய் விரிப்பு மடித்தாள்.

உங்கள் அம்மா ஏன் வருவதில்லை என்று டாக்டர் தொலைபேசியில் கேட்டபோது, இவள் பழக்க தோஷத்தில் முதலில் சொன்ன வார்த்தை, உங்கள் பொறுமைக்கு நன்றி.

கடைசி நாள், அதாவது நேற்று காலை, அம்மா படுக்கை விரிப்பின் ஓரத்தை விரலால் நெருடிக்கொண்டே இருந்தாள். "மடிப்பு சரியில்ல. புதுசா வந்தவ வேலை." அப்புறம் கொஞ்ச நேரம் வலி அவளைப் பேச விடவில்லை. விட்டதும் சொன்னாள்:

"படைத்தலைவர் கடல் பாட்டுதான் வைப்பார். நீ அதை வாசிக்காத."

"எதுக்கும்மா இப்ப அதெல்லாம்."

"கேளு. ஜன்னல்காரியை வாசி."

அவளுக்கு உடனே புரிந்தது. பன்னிரண்டு வயதில் முதன்முதலாகச் சபையில் வாசிக்கத் தயார் செய்தபோது, வீட்டில் உரக்கப் படித்துப் பழகிய பாட்டு அது. அதுவும் வெற்றிப் பாட்டுதான். வானத்து நட்சத்திரங்கள்கூட இறங்கி வந்து ஆண்டவர் பக்கம் சண்டை போடும், ஆற்று வெள்ளம் எதிரியை அடித்துக்கொண்டு போகும். தோற்ற படைத்தளபதி ஒரு கூடாரத்தில் ஒளிய, அங்கே ஒருத்தி அவன் தலையில் முளை அடித்துக் கொல்வாள். அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டைக் கட்டியவள் கடைசியில் எதிரி வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வருகிறாள். அங்கே, செத்தவனுடைய அம்மா ஜன்னலில் நிற்கிறாள். மகனின் தேர் இன்னும் வரவில்லையே என்று பார்க்கிறாள். கூட இருக்கிறவர்கள், கொள்ளைப் பொருளைப் பங்கு போட நேரமாகும் இல்லையா என்று சமாதானம் சொல்கிறார்கள். பாட்டு அவளை அப்படியே நிற்க வைத்துவிட்டு, ஆண்டவருடைய எதிரிகள் எல்லாரும் இப்படியே ஒழியட்டும் என்று முடிந்துவிடும்.

அன்றைக்கு அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அந்தம்மா அப்புறம் என்ன ஆனா?"

"அதோட பாட்டு முடிஞ்சிடுதும்மா."

"முடிஞ்சிடுதா? பையன் செத்துட்டான்னு அவளுக்கு யாரு போய்ச் சொன்னாங்க?"

"தெரியல."

"சொல்லியிருக்க மாட்டாங்க," என்று அம்மா திரும்ப மடிக்க ஆரம்பித்தாள்.

பிறகு கல்லூரியில் ஒரு வாத்தியார் எபிரெயக் கவிதையைப் பற்றி இரண்டு வாரம் பாடம் எடுத்தார். முதல் பாதி சொன்னதை இரண்டாம் பாதி இன்னும் பலமாகச் சொல்லும், அதுதான் அதன் நடை என்றார். போர்ப் பாட்டுகளின் கம்பீரம் பற்றி நாலு பக்கம் குறிப்பு கொடுத்தார். ஜன்னலில் நிற்பவளை, எதிரியை ஏளனம் செய்யும் உத்தி என்று ஒரு வரியில் முடித்தார். தேர்வில் அவளும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினாள். அம்மா சொன்னதை எழுதியிருந்தால் பூஜ்யம்தான்.

"அவ எதிரியோட அம்மா இல்லையாம்மா," என்றாள் நேற்று. "சாவு ஆராதனையில அதைப் போய் எப்படி வாசிக்கிறது?"

"அதனாலதான் வாசிக்கச் சொல்றேன். நான் ஜெயிச்சேன்னு யாரும் சொல்ல வேணாம்டி. இவ்வளவு வலியை ஜெயிச்சவளுக்கா குடுப்பாங்க?"

இதற்குப் பிறகு அம்மா பேசியது தண்ணீர் கேட்க மட்டும்.

கூடம் நிறைந்திருந்தது. பெட்டியை மேடைக்குக் கீழே வைத்திருந்தார்கள். சலவைக்கூடத்துப் பெண்கள் ஆறு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். அப்பா பெட்டிக்குப் பக்கத்தில். சட்டை சலவைச் சட்டை, விரல் நகத்துக்குள் நீலப் பெயிண்ட்.

"கடல் பாட்டு," என்று அறிவித்து மேய்ப்பர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் மேசைக்குப் போனாள். கடல் பாட்டில் ஏற்கனவே ரிப்பன் வைத்திருந்தார்கள். ரிப்பனை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பக்கங்களைத் தள்ளினாள். மேய்ப்பரின் புருவம் ஏறியது. அவள் எந்தப் பாட்டு என்று சொன்னதும் இறங்கியது. இதுவும் வெற்றிதானே.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். வேதப் பாட்டு வாசிக்கும்போது பாதி வரியில் மூச்சு விட வேண்டும். முழு வரி முடிந்ததும் கூடம் மொத்தமும் ஒரே குரலில் ஜெயம் என்று சொல்லும். இருபது வருஷப் பழக்கம். குழந்தைகள் பேசப் பழகும் முன்னாலேயே இதற்குப் பழகிவிடும்.

பூமி அதிர்ந்ததை வாசித்தாள். ஜெயம். நட்சத்திரங்கள் சண்டைக்கு இறங்கியதை வாசித்தாள். ஜெயம். வெள்ளம் வந்தது, குதிரைக் குளம்புகள் தட்டின, கூடாரத்தில் முளை இறங்கியது. ஜெயம், ஜெயம், ஜெயம். தகரக் கூரை அதிர்ந்தது.

பிறகு ஜன்னலுக்கு வந்தாள். குரலை இறக்கினாள். வேலையிடத்தில் கத்துகிறவர்களை அடக்க அவள் பயன்படுத்துகிற குரல் அது. குரலை இறக்கினால் எதிராளியும் இறக்குவான் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்.

ஒரு அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதை வாசித்தாள்.

"ஜெயம்," என்றது கூடம்.

தேர் வர ஏன் தாமதமாகிறது என்று அந்த அம்மா கேட்பதை வாசித்தாள்.

"ஜெயம்."

அந்த அம்மா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வதை வாசித்தாள். ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு, செவிடனுக்கும் கேட்கிற மாதிரி.

"ஜெயம்," என்றார்கள். சலவைக்கூடத்துப் பெண்கள் அழுதுகொண்டே சொன்னார்கள். அதில் ஒருத்தி அம்மாவுக்குக் கடைசி வாரம் சூப் காய்ச்சிக் கொண்டுவந்தவள். யாரும் கல்நெஞ்சுக்காரர்கள் இல்லை. வார்த்தை காதில் விழவில்லை, அவ்வளவுதான். இருபது வருஷமாக விழவில்லை. இத்தனை வருஷமும் இந்த அம்மா ஜன்னலில் நின்றுகொண்டிருக்க, கீழே நின்று எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். வாசித்துக் கொடுத்தது இவள்.

ஒரு வரி பாக்கி இருந்தது. எதிரிகள் ஒழியட்டும் என்கிற கடைசி வரி. அவள் புத்தகத்தை மூடினாள்.

கூடம் காத்திருந்தது. கடைசி வரிக்குத்தான் இருப்பதிலேயே பெரிய ஜெயம். நூற்றுக்கணக்கான வாய்கள் பாதி திறந்தபடி நின்றன. எங்கோ ஒரு குழந்தை மட்டும் முந்திக்கொண்டு ஜெயம் என்றது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால் போதும், சொல்லிவிடலாம்.

மேய்ப்பர் இரண்டடி முன்னால் வந்தார். கனிவாக அவள் தோளைத் தொட்டு, துக்கத்தில் குரல் அடைத்துப்போன பிள்ளைக்காக, கடைசி வரியைத் தானே மனப்பாடமாகச் சொன்னார்.

கூரை பெயர்ந்துவிடும் போல் எழுந்தது ஜெயம்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் வாய் மூடியிருந்தது. பெட்டியின் மூடியில் ஒரு திருகாணி சரியாக இறங்காமல் நின்றது. அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

கல்லறையில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. கூட்டம் கலைந்த பிறகு அப்பா மண் மேட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அளவு எடுப்பது மாதிரி.

"செவ்வாய்க்கிழமை எல்லாம் ஊசிக்குப் போறேன்னு உன்கிட்ட சொன்னாளாமே. சித்தி சொன்னா."

"ஆமா. உங்ககிட்ட?"

"வேலைக்குன்னு சொன்னா." அவர் காலால் ஒரு மண்கட்டியை உடைத்தார். "அதான் பலகையில போட்டாச்சே, இனிமே ஊசி எதுக்குன்னு நெனச்சு நானும் ஒண்ணும் கேக்கல. பஸ் ஏத்தி விட்டுட்டு டாட்டா காட்டிட்டு வருவேன்."

அவள் அந்த உடைந்த மண்ணைக் காலால் மேட்டோடு சேர்த்தாள்.

"நீ வாசிச்சியே," என்றார் அப்பா, "ஜன்னல்ல ஒரு அம்மா. அது யாரு?"

"எதிரியோட அம்மா."

"பையன் செத்தது அவளுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"பாட்டுல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது."

"ஆமாப்பா."

அப்பா தலையாட்டினார். பிறகு, "நீல டப்பாவை எங்க வச்சேன்னு தெரியல," என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

வெயில் இறங்கும் நேரத்தில் வீட்டில் அப்பா இல்லை. ஏணியும் இல்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள். நடக்க நடக்கக் கோபம் ஏறியது. நித்திய என்ற சொல்லை மேல் வரியைப் பார்த்து வளைவு வளைவாக இறக்கிக்கொண்டிருப்பார். ஏணியைப் பிடித்து ஆட்டிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

கூடத்தில் யாருமில்லை. அப்பா ஏணியின் இரண்டாவது படியில் நின்றிருந்தார். கையில் மெல்லிய எழுத்துத் தூரிகை இல்லை. சுவருக்கு அடிக்கிற பட்டைத் தூரிகை. மஞ்சள் டப்பா திறக்கப்படவே இல்லை.

"இதுதானே அவ வரி?" என்றார் திரும்பாமல். "எண்ணித்தான் வச்சேன். இருந்தாலும் படிச்சுச் சொல்லு."

அவள் அம்மாவின் பெயரை வாசித்தாள். அதற்குப் பக்கத்தில் இருந்ததை வாசிக்கவில்லை.

தூரிகை இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் போனது. பெயர், அதன் நிழல், அதன் பக்கத்தில் அவருக்குத் தெரிந்த அந்த ஒரே சொல். நீலத்துக்கு அடியில் மஞ்சள் மறையாமல், எல்லா எழுத்தும் பச்சையாக எட்டிப் பார்த்தது.

"ஒரு பூச்சுக்கு அடங்காது," என்றார் அப்பா. "காயணும். காஞ்சப்புறம் இன்னொண்ணு."

"எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம் ஆகும்."

அவர் தூரிகையைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார். அவள் கடைசி வரிசையிலிருந்து இரண்டு நாற்காலிகளை இழுத்துக்கொண்டு வந்து பலகைக்கு எதிரே போட்டாள்.